வக்கீலின் மச்சம்

ஆளை வைத்துப் படம் எடுப்பதைவிட ஆளில்லாமல் எடுப்பதுதான் கஷ்டம் என்று போட்டோக்காரர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆளென்றால் நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, காதுமேல் விழும் முடியை ஒதுக்கிவிட்டு ஒரு அமுக்கு அமுக்கினால் வேலை முடிந்தது. இடம் அப்படியல்ல. இடம் ஒழுங்காகத்தான் இருக்கும். குறுக்கே வருகிறவர்கள்தான் விட மாட்டார்கள். ஒரு சைக்கிள் போகும். அது போய் மறைவதற்குள் ஒரு நாய் வந்து நட்டநடுவில் படுக்கும். நாய் எழுந்து போனால், இந்த மனுஷன் என்னத்தை எடுக்கிறான் என்று பார்க்க நாலு பேர் வந்து நிற்பார்கள். போட்டோக்காரர் யாரையும் விரட்டுவதில்லை. கேமரா ஸ்டாண்டைப் பிடித்தபடி கால் கடுக்க நிற்பார். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. அங்கே அது நடந்து எப்படியும் முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அவர் சாதாரண ஸ்டூடியோக்காரர்தான். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒற்றை அறை. முன்னால் மேசையும் கம்ப்யூட்டரும், பின்னால் வெள்ளைத் திரையும் சுழல் நாற்காலியும், சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு தொங்கும்; அதைத் தொட்டுத் தலை வாரிய துணிச்சல்காரர் இதுவரை யாருமில்லை. போருக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். போன அத்தனை பேருடைய முகமும், இரண்டு காதும் தெரிய, பல்லைக் காட்டாமல், அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருவரும் திரும்பி வந்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. வெளிநாடு போகவிருந்த ஒரு பெரியவர் விசாவுக்குப் படம் எடுத்துவிட்டு, எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் தெரியுமா? அதுல மூணாவது வகுப்பறை. எனக்காகப் போய் ஒரு படம் எடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

"அங்க இப்ப என்ன இருக்குங்க?"

"தெரியாது. எனக்கு அங்க கால் வராது. அதனாலதான் உங்களைக் கேக்கிறேன்."

போட்டோக்காரர் போனார். அகதிகளை அடைத்து வைத்திருந்த அந்த அறையில் இப்போது குட்டி பெஞ்சுகளும், சுவரில் பிள்ளைகள் வரைந்த வாத்துகளும் இருந்தன. ஜன்னல் கட்டையில் யாரோ மறந்து வைத்த தண்ணீர்ப் பாட்டில். அதையும் எடுக்காமல் அப்படியே படம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் வாத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்க்கவில்லை. "ஜன்னல் அப்படியேதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

அப்புறம் ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார்கள். ஒரு மதகு, ஒரு உப்புக் கிடங்கு, ஒரு படகுத் துறை. இப்போது கார் நிறுத்தும் இடமாகிவிட்ட ஒரு தோட்டம். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் கேட்டு வருகிறார்கள். போட்டோக்காரர் அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தனை மணிக்கு?" தேதியில் தடுமாறுகிறவர்கள்கூட மணியைச் சொல்லிவிடுவார்கள். அதே மணிக்குப் போய், அதே வெயில் விழும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நொடி பார்த்து எடுப்பார். பின்பக்கம் மணியை மட்டும் பென்சிலில் எழுதுவார். அவருடைய தொழில் தர்மம் அவ்வளவுதான்.

வீட்டில் அக்கா இருந்தாள். அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நம்பர் கொடுக்கிற வேலை. வலி தாங்காமல் வருகிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, யாருடைய முனகலுக்கும் அசையாத ஒரு முகம் அவளுக்கு வந்துவிட்டது. வீட்டிலும் பேச்சு கம்மி. தண்ணீர் வந்ததா, விளக்கை அணைத்தாயா, மழை வரும்போல இருக்கிறது. இரண்டு பேர் முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கலாம். இவர்களிடம் மிச்சம் இருந்தது. அதைத் தொடாமலே இருந்தார்கள்.

அத்தான் காணாமல் போய் முப்பத்தொரு வருஷம். அப்போது அவருக்கு வயது முப்பத்திநாலு. காணாமல் போனவர் என்றுதான் அக்கா சொல்வாள். இறந்தவர் என்று அவள் எதிரில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் அவளிடம் ஒரு வார்த்தை வாங்கியவர் கிடையாது.

காத்திருப்பது என்றால் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது என்று நினைக்கிறோம். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. அவள் காரியக்காரி. அத்தானுக்கு வயது ஏற ஏற, அதற்கு வேண்டியதைச் செய்துகொண்டே வந்தாள். அவருக்கு நாற்பத்தைந்து ஆனபோது வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தாள். ஐம்பதை நெருங்கும்போது, இந்நேரம் தொப்பை போட்டிருக்கும் என்று அவருடைய பேண்டுகளின் இடுப்பைப் பிரித்து விட்டாள். உள்ளே மடித்திருந்த துணி தீர்ந்துபோனதும், அதே நிறத்தில் துண்டு தேடி வாங்கிப் பின்பக்கம் ஒட்டுப் போட்டாள். வீட்டையும் மாற்ற விடவில்லை. "வந்தா எந்த வீட்டுக் கதவத் தட்டுவாரு?" என்பாள். தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தபோதும், "உன் அத்தான் வரட்டும். அவர் இல்லாம எப்படிப் பேசி முடிக்கிறது?" என்றாள். அந்தப் பேச்சு அத்தானுக்காகக் காத்திருந்து காத்திருந்து, மாப்பிள்ளைக்கே தலை நரைத்துவிட்டது. போட்டோக்காரர் அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் சில சாயங்காலங்களில், கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகவும் பிடிக்காமல் வேறு எங்கே போவதென்றும் தெரியாமல் செருப்புக்கடை வாசலில் நிற்பார்.

அக்கா மனம்விட்டுச் சிரிப்பது ஒரே ஒரு கதைக்குத்தான். அது வக்கீலின் மச்சம்.

பத்தொன்பது வயதில் போட்டோக்காரர் ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் ஃபிலிம். கழுவிக் காயவைத்த நெகட்டிவை இருட்டறையில் பெரிதாக்கும் கருவிக்குள் வைத்து, கீழே தாளில் ஒளி விழச் செய்ய வேண்டும். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். "மங்கல் பக்கம் தாளைப் பாக்கணும்டா" என்று முதலாளி தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். ஊரில் பெரிய வக்கீல் ஒருவருக்கு வலது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். அது அவருக்கு யோகம் என்று ஊரே சொல்லும். பையன் நெகட்டிவை மாற்றி வைத்து, மச்சத்தை இடது கன்னத்துக்குக் குடிபெயர்த்துவிட்டான். வக்கீல் படத்தோடு வந்து, "என் மச்சத்தை என் அனுமதி இல்லாம மாத்துறதுக்கு நீ யாருடா?" என்று கேட்ட கேள்வியில் தெருவே கூடிவிட்டது. அக்கா இதை வக்கீலின் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். அத்தானும் அந்தக் காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அதற்கு மறு வருஷம்தான் கடைத்தெருவில் குண்டு விழுந்தது. காலை எட்டேகால். முதலாளி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். புகை அடங்காத தெருவை, கோடியில் இருந்த பெரிய நெல் கிடங்கு தெரிய, ஒரு படம் எடுத்தார். மிச்சத்தை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து ஃபிலிமைப் பையனிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்திரிகை ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினான். மத்தியானத்துக்குள் ஒரு லாரி வந்து, தெருவில் கிடந்த பதினேழு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மிஞ்சியது அந்த ஒரு படம்தான்.

சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில், அந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்ததைப் போட்டோக்காரர் மறந்ததே இல்லை. முன்னால் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். கோடு போட்ட சட்டை. அத்தானும் அன்று காலை ரயில் நிலையத்தில் ஒரு பார்சல் எடுக்கக் கோடு போட்ட சட்டையோடுதான் கிளம்பியிருந்தார். பையன் தட்டின்மேல் குனிந்து பார்த்தான். நீட்டிக் கிடந்த கையில் வாட்ச் இருந்தது. இடது கை. அத்தான் இடதுகைப் பழக்கக்காரர். எழுதுவது, சாவி திருப்புவது எல்லாம் இடது கையால். வாட்ச் கட்டுவது எப்போதும் வலது கையில்தான். பையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊரடங்கையும் பார்க்காமல் சந்து சந்தாக ஓடிப்போய்ச் சொன்னான்.

"அக்கா, அது அத்தான் இல்ல. நான் பாத்தேன். வாட்ச் இடது கையில இருக்கு."

அந்த மாதிரிக் கோடு போட்ட சட்டை அந்த வருஷம் எல்லாக் கடையிலும் தொங்கியது. அத்தான் அன்று வீடு திரும்பவில்லை. எல்லைப் பக்கம் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் பதினோரு வருஷம் கழித்து, ஒரு பையோடு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினார். அக்காவுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தக் கடைத்தெருவை மட்டும் படம் எடுக்க மாட்டேன் என்று போட்டோக்காரர் பிடிவாதமாக இருந்தார். ஆனால் அந்தப் பதினேழு பேருக்கான நினைவுக் குழுவின் செயலாளர் விடுகிற ஆள் இல்லை. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். உட்கார்ந்தால் பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்.

"அன்னைக்கு இருந்த தெரு, இன்னைக்கு இருக்கிற தெரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஆள் உயரத்துக்குப் பெருசா அடிச்சு, பஸ் ஸ்டாப்ல மாட்டப் போறோம்" என்றார். "பழைய படம் உங்க ஸ்டூடியோ எடுத்தது. புதுசை வேற யாரு எடுக்கிறது?"

சரி என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

தெரு முழுவதும் இடிந்து, ஏழு வருஷம் ஆளில்லாமல் கிடந்து, பிறகு புதிதாகக் கட்டியது. பழையதில் நின்றது அந்தக் கிடங்கு ஒன்றுதான். இப்போது அது சோபாவும் கட்டிலும் விற்கிற கடை. கிடங்கைப் பார்த்து நின்றால் வலது பக்கத்தில் நினைவுக்கல். பழைய படத்தில் கோடு போட்ட சட்டைக்காரர் கிடக்கும் இடத்தைப் பார்த்து நட்டது. வருஷத்துக்கு ஒருமுறை பூ வைப்பார்கள். இடது பக்கத்தில் பஸ் நிழற்குடை. அக்கா தினமும் அங்கிருந்துதான் எட்டு மணி பத்து நிமிஷத்துப் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போவாள். கல்லின் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதில் அவளுடைய ஆள் இல்லையே.

போட்டோக்காரர் எட்டு மணிக்கே பழைய படத்தோடு போய் நின்றார். அக்கா நிழற்குடையின் இரண்டாவது தூணில் சாய்ந்து நிற்பது கேமராவுக்குள் தெரிந்தது. அவள் பஸ் ஏறிப் படத்தைவிட்டுப் போகும்வரை காத்திருந்தார். பிறகு பழைய படத்தையும் எதிரே இருக்கிற கிடங்கையும் ஒத்துப் பார்த்தார். ஒத்துவரவில்லை. படத்தில் இரும்பு மாடிப்படி கிடங்கின் இடது கோடியில் இருந்தது. எதிரே வலது கோடியில் இருந்தது. மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தார். ஆனால் வட்ட ஜன்னலும் இடம் மாறியிருந்தது. ஜன்னலையுமா தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள்? நாலு நாள் காலையில் முன்னும் பின்னும் நடந்தார். குனிந்தார், எட்டிப் பார்த்தார், அடி வைத்து அளந்தார். தெருவை அகலப்படுத்த அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று கடைக்காரர்களிடையே பேச்சு கிளம்பி, ஒருவர் ஓடிவந்து டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தார்.

ஐந்தாம் நாள் முடிவெட்டுகிறவர் தன் கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். "உள்ள வாங்க. நாலு நாளாப் பாக்கிறேன், வெயில்ல நின்னு நின்னு உங்க தலைதான் பாவம். உக்காருங்க."

போட்டோக்காரர் உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவர் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டார். அவருடைய அப்பாவுக்கும் இதே தெருவில்தான் கடை இருந்தது. குண்டு விழுந்த அன்றைக்கு அப்பாவும் போய்விட்டார்.

"கல்லை எதிர்ப்பக்கம் நட்டு வெச்சிருக்காங்க" என்றார். "நான் அப்பவே சொன்னேன். எங்கப்பா கடை பஸ் ஸ்டாப் பக்கம். அவங்க எல்லாம் விழுந்தது அந்தப் பக்கம். யாரு கேக்கிறா? போட்டோவைக் காட்டி, போட்டோ பொய் சொல்லுமான்னு கேட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

"போட்டோ பொய் சொல்லாதுங்க" என்றார் போட்டோக்காரர். அது அவர் பிழைப்பு, அப்படித்தான் சொல்வார்.

சொல்லிவிட்டு, போர்த்திய துணிக்குள்ளிருந்து படத்தை எடுத்து நெஞ்சருகே நிமிர்த்திப் பிடித்தார், அவருக்குக் காட்டுவதற்காக. எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குள் அந்தப் படம் தெரிந்தது. கண்ணாடிக்குள் மாடிப்படி வலது கோடியில் இருந்தது. வட்ட ஜன்னல் சரியான இடத்தில் இருந்தது. ஆள் பஸ் ஸ்டாப் பக்கம் கிடந்தார். நீட்டிய கையில் வாட்ச் இருந்தது. வலது கை.

கத்தரிக்கோல் காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. "தலையை ஆட்டாதீங்க" என்றார் முடிவெட்டுகிறவர்.

மங்கல் பக்கம் தாளைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் பக்கத்தைப் பார்க்கவில்லை. வாசலில் ஆள் கத்திக்கொண்டிருந்தான். பெயர்ப் பலகைகள் எல்லாம் விழுந்துவிட்டதால் காட்டிக்கொடுக்க ஒரு எழுத்துக்கூட அந்தப் படத்தில் இல்லை. பாதி வெட்டிய தலையோடு எழுந்து போக முடியாது என்பதால் மட்டும்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டூடியோவுக்குப் போய், முதலாளி விட்டுப்போன தகரப் பெட்டியைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அதைத் திறந்ததே இல்லை. யார் பிரதி கேட்டாலும் அச்சான படத்தையே திரும்பப் படம் எடுத்துக் கொடுத்துவிடுவார். நெகட்டிவைக் கண்டுபிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்து எண்கள் நேராகத் தெரியும்படி திருப்பினார். வலது கைதான். எத்தனை முறை பார்த்தாலும் வலது கைதான். வெள்ளைத் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு பெண் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து வாசலில் நின்றாள். "இன்னைக்கு மெஷின் வேலை செய்யலம்மா" என்றார். அழுகை வந்தால் அழுதிருப்பார். வரவில்லை. பயம்தான் வந்தது.

மூன்று வாரம் அவர் கோழையாக இருந்தார். அதை மறைப்பானேன்? பழைய படம் தப்பு என்று சொன்னால், ஏன், எப்படி என்று ஊர் கேட்கும். சரியான படத்தை ஆள் உயரத்துக்கு அடித்து பஸ் ஸ்டாப்பில் மாட்டினால் முதலில் பார்ப்பவள் அக்காதான். ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழையதை மாற்றாமல், எடுத்து வைத்திருந்த புதிய படத்தை மாற்றிவிட்டால்? கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் இடம் வலமாகிவிடும். தட்டினார். மாடிப்படி இடது கோடிக்குப் போனது. இரண்டு படமும் அச்சாக ஒத்துப்போயின. ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்புறம்தான் கவனித்தார். மருந்துக்கடை, தையல் கடை, சோபா கடை, பஸ் ஸ்டாப் எல்லாப் பலகையும் வலமிருந்து இடமாகப் படிக்கிற பாஷையில் எழுதியதுபோல நின்றன. இப்போது தெருவில் பலகைகள் இருந்தன. அவற்றை யாரும் ஏமாற்ற முடியாது. தன்மேலேயே அருவருப்பு வந்து கம்ப்யூட்டரை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா அத்தானின் பேண்டுகளை வெயிலில் காயப்போட்டு எடுத்து, கூடத்து மேசையில் மடித்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை. போட்டோக்காரர் எதிரே போய் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அக்கா, அந்த வக்கீல் மச்சம் ஞாபகம் இருக்கா?"

அக்கா முகம் மலர்ந்தது. "மறக்குமா? என் மச்சத்தை என் அனுமதி இல்லாம..." என்று வக்கீலின் குரலில் தொடங்கினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பேண்டை மடித்த கை அப்படியே நின்றது.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. இடது கன்னம், வலது கன்னம். இடது கை, வலது கை. அவள் நினைப்பு மச்சத்திலிருந்து வாட்சுக்குப் போவதைப் போட்டோக்காரர் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் பார்த்தார்.

"நெகட்டிவைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

"ஓரத்துல நம்பர் இருக்கும் அக்கா. அதை வெச்சுப் பாத்தேன். நான்தான் மாத்தி வெச்சுட்டேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். மேசையிலிருந்த பேண்டைக் கையால் ஒருமுறை நீவினாள். "முப்பத்தோரு வருஷம்" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்கப் போட்டோக்காரர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அத்தானைக் கொன்றது யாரோ. ஆனால் அவரைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தது நான்தான் என்று நினைத்தார். அக்காவை அப்படி வைத்திருந்ததும் நான்தான். தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போலக் கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா. கேமராவை எடுத்துக்கோ" என்றாள்.

கடைத்தெரு வரை அவள் முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாப் வந்ததும், "எந்த இடம்?" என்று கேட்டாள்.

போட்டோக்காரர் தெருவின் நடுவே போய், கிடங்கின் வட்ட ஜன்னலையும் மாடிப்படியையும் வைத்துக் கணக்குப் போட்டார். வீட்டிலிருந்தே கணக்கு அவருக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை போட்டார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். நிழற்குடையின் இரண்டாவது தூண். அதன் அடியில், சிமென்ட் மேடை முடிகிற ஓரம். அக்கா தினமும் சாய்ந்து நிற்கிற இடம். அவள் தோள் பட்டுப் பட்டுத் தூணின் பெயிண்ட் அந்த உயரத்தில் தேய்ந்திருந்தது.

அக்கா அப்போதும் அங்கேதான் நின்றிருந்தாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். மெதுவாக ஒரு எட்டுத் தள்ளி நின்றாள்.

"தினமும் அவர் மேலதான் நின்னிருக்கேன்" என்றாள்.

எட்டு பத்து பஸ் வந்தது. "ஏறலையாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பஸ் போனது. அதற்குள் முடிவெட்டுகிறவர் கடையைத் திறந்துவிட்டு வெளியே வந்தார். இவர்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். நான்தான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. தெருவில் வந்த சைக்கிள்காரரைக் கை காட்டி நிறுத்திவைத்தார். எட்டேகால் ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும்.

போட்டோக்காரர் ஸ்டாண்டை விரித்தார். அக்கா படத்தில் விழாமல் இருக்க ஒதுங்கப் போனாள். தம்பியின் வழக்கம் அவளுக்குத் தெரியும்.

"வேணாம் அக்கா. அங்கயே நில்லு."

"நீ ஆளை வெச்சு எடுக்க மாட்டியே?"

"இதுல நீ இருக்கணும்" என்றார்.

அவள் தூணுக்குப் பக்கத்தில், அந்த இடத்தை மிதிக்காமல், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாடையை இறக்கச் சொல்லவில்லை. கேமராவுக்குள் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்தார். அன்றே போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்குப் போய், தான் செய்த தப்பைச் சொல்லிவிட்டு, நெகட்டிவையும் காட்டிவிட்டு வந்தார். கல்லைப் பெயர்த்து இந்தப் பக்கம் நட வேண்டும் என்று போஸ்ட் மாஸ்டர் ஒரு பெரிய கடிதமே எழுத உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் போட்டோக்காரர் வீட்டுக்கு வந்தபோது, அக்கா கூடத்து மேசையில் அத்தானின் பேண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கண்ணாடி இருந்தது. அலமாரியில் அத்தானுக்காக வாங்கி வைத்திருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி.

"என்ன அக்கா பண்றே?"

"நாலு இன்ச் பெருசாக்கி வெச்சிருக்கேன் பாரு. இது அவருக்கு நிக்காது. அவருக்கு இடுப்பு முப்பதுதான்."

"கண்ணாடி?"

"முப்பத்திநாலு வயசு ஆளுக்குக் கண்ணாடி எதுக்கு? எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள். ஒட்டுப் போட்ட துண்டு தனியாகக் கழன்று வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தையலைப் பிரித்தாள்.

போட்டோக்காரர் எதிரே உட்கார்ந்து, மேசையெல்லாம் விழுந்து கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.